அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி நின்றுபோகாமல் இருக்க: எஸ்.ஏ.பி. விதிகள், படிப்படியாக

ஃபாஃப்சா (ஃபெடரல் நிதியுதவிக்கான விண்ணப்பம்) படிவத்தை நிரப்பி, உதவித்தொகைக் கடிதம் வந்து, பிள்ளையை டார்மில் கொண்டுபோய் விட்டதோடு பண விஷயம் முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். கிடைத்த உதவி தொடர்ந்து வர வேண்டுமானால் படிப்பில் போதுமான முன்னேற்றம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது, கோடை விடுமுறையில் ஒரு மின்னஞ்சல் வரும்போதுதான் தெரியவரும். அதுவும் மாணவருடைய கல்லூரி முகவரிக்குத்தான் வரும். ஜூன் மாதத்தில் அந்தப் பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆகஸ்டில் முழுக் கட்டணத்துக்கும் பில் வந்த பிறகுதான் வீட்டில் கலவரம்.

இந்த விதியின் பெயர் சாடிஸ்ஃபாக்டரி அகடமிக் ப்ராக்ரஸ். கல்லூரி அலுவலகங்களில் சுருக்கமாக எஸ்.ஏ.பி. என்பார்கள். பிள்ளையிடம் மார்க்கைக் கேட்பது நம் பழக்கம். இந்த விஷயத்தில் அதே அக்கறையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "எத்தனை கிரெடிட் எடுத்தாய், அதில் எத்தனை முடித்தாய்?" கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி கொடுக்கும் அளவு எண். இந்தக் கட்டுரையில் பாதி அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

யாருக்கு இது பொருந்தும்?

அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள், அரசியல் தஞ்சம் கிடைத்தவர்கள் ஆகியோருக்கு ஃபெடரல் நிதியுதவி உண்டு. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் அடக்கம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் ஃபெடரல் பணம் கிடையாது. அவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"எங்கள் வருமானத்துக்குப் பெல் கிராண்டே கிடைக்கவில்லை, எங்களுக்கு எதற்கு இது?" என்று ஐ.டி. வேலையில் இருக்கும் பெற்றோர் கேட்பார்கள். எஸ்.ஏ.பி. தவறினால் நிற்பது பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான, திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) மட்டும் இல்லை. மாணவர் பெயரில் வரும் ஃபெடரல் டைரக்ட் லோன், வளாகத்தில் வேலை பார்க்கும் வொர்க் ஸ்டடி, பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் கடன் எல்லாமே நிற்கும். பெல் கிராண்ட் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். டைரக்ட் லோன், பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவருக்கு 5,500 டாலர் வரை, இரண்டாம் ஆண்டில் 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவிக்கும் பல இடங்களில் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை: உங்கள் கல்லூரியின் விதியைத் தேடி எடுங்கள்

ஃபெடரல் அரசு ஒரு சட்டகம் மட்டும் கொடுத்திருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன் விதியை எழுதிக்கொள்கிறது, விரும்பினால் இன்னும் கடுமையாகவும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பக்கத்து வீட்டுப் பையனின் கல்லூரியில் நடந்தது உங்களுக்குப் பொருந்தாது. வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ சொன்னது சுத்தமாகப் பொருந்தாது. கல்லூரி இணையதளத்தில் நிதியுதவி அலுவலகத்தின் பக்கத்துக்குப் போய் எஸ்.ஏ.பி. பாலிசியைத் தேடுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் அதை வெளியிட்டாக வேண்டும்.

படிக்கும்போது சிலவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி, பொதுவாக 4.0-க்கு) எவ்வளவுக்குக் குறையக் கூடாது, எடுத்த கிரெடிட்டில் எத்தனை சதவீதம் முடித்திருக்க வேண்டும், கணக்குப் பார்ப்பது செமஸ்டருக்கு ஒரு தடவையா ஆண்டுக்கு ஒரு தடவையா, கோடை வகுப்புகளை எப்போது சேர்க்கிறார்கள், அப்பீல் போடக் கடைசித் தேதி என்ன. இந்தத் தாள் நான்கு வருஷமும் உதவும்.

மூன்று அளவுகோல்கள்

முதலாவது ஜிபிஏ. இளநிலைப் படிப்புக்கு 2.0, அதாவது சராசரியாக சி கிரேடு என்று பெரும்பாலான கல்லூரிகள் வைத்திருக்கின்றன. முதலாண்டில் சற்றுக் குறைவாக இருக்கச் சில கல்லூரிகள் விடுவதுண்டு. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பாக இருந்தால், இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் சி சராசரியோ, பட்டம் பெறத் தேவையான அளவுக்கு ஈடான நிலையோ வந்தாக வேண்டும் என்பது ஃபெடரல் விதி.

ஜிபிஏ சரிந்தால் எவ்வளவு சீக்கிரம் தூக்கி நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து 1.6 வாங்கினால், அடுத்த 15 கிரெடிட்டில் 2.4 வாங்கியே 2.0 சராசரிக்கு வந்துவிடலாம். அதே 1.6 என்பது 60 கிரெடிட் முடிந்த பிறகும் இருந்தால், அடுத்த 15 கிரெடிட்டில் 3.6 வாங்க வேண்டும். இதுவரை சி-யும் டி-யும் வாங்கியவர் திடீரென்று வரிசையாக ஏ வாங்கியாக வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டாவது பேஸ், அதாவது முன்னேறும் வேகம். இதுவரை எடுத்த மொத்த கிரெடிட்டில் எத்தனையை வெற்றிகரமாக முடித்திருக்கிறீர்கள் என்ற விகிதம். பெரும்பாலான இடங்களில் 67 சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

மூன்றாவது கால வரம்பு. படிப்புக்கு அறிவித்திருக்கும் கிரெடிட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் பட்டத்தை முடித்துவிட வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் எடுக்கும் வரைதான் உதவி. கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) 60 கிரெடிட் பட்டம் என்றால் 90. பேஸ் விகிதம் மூன்றில் இரண்டு பங்காக வந்ததும் இதிலிருந்துதான்: 180-க்குள் 120 முடிக்க வேண்டும் அல்லவா?

இந்த மூன்றாவதில் ஒரு நுணுக்கம். 180-ஐத் தொட்டபின் நிறுத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். 180-க்குள் முடிக்கவே முடியாது என்று கணக்கில் தெரிந்த அன்றே உதவி நிற்கும். இது படிக்காத பிள்ளைக்கு மட்டும் வரும் தொல்லையும் அல்ல. வீட்டார் ஆசைப்படி ப்ரீ-மெட் (மருத்துவப் படிப்புக்கான முன்தயாரிப்பு) பாதையில் உயிரியலில் சேர்ந்த ஒரு மாணவி நான்காம் ஆண்டு முடிவில் கணினி அறிவியலுக்கு மாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 130 கிரெடிட் எடுத்து 125 முடித்திருக்கிறாள், ஜிபிஏ-யும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் புதிய பட்டத்துக்கு இன்னும் 60 கிரெடிட் வேண்டியிருக்கிறது. 130-உம் 60-உம் 190. முடிந்தது கதை. மேஜர் (முதன்மைப் பாடம்) மாறினால் புதிய மேஜருக்குப் பொருந்தும் கிரெடிட்டை மட்டும் எண்ணும் கல்லூரிகளும் உண்டு, எல்லாவற்றையும் எண்ணும் கல்லூரிகளும் உண்டு. மேஜர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேஜரை மாற்ற ஆசைப்படும் பிள்ளையை "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பாரேன்" என்று இழுத்தடிப்பதற்கும் இங்கே விலை உண்டு என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும்.

எதையெல்லாம் எண்ணுகிறார்கள்?

சிக்கல் பெரும்பாலும் பேஸ் கணக்கில்தான் தொடங்குகிறது. காரணம், அது கிரேடு ஷீட்டில் எங்கும் எழுதியிருக்காது. நாமே உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தெரியும்.

செமஸ்டர் தொடக்கத்தில் ஆட்-டிராப் காலம் என்று சில நாட்கள் விடுவார்கள். அதற்குள் ஒரு வகுப்பைக் கைவிட்டால் அது டிரான்ஸ்கிரிப்டிலேயே (கிரேடு பதிவேட்டிலேயே) வராது, எஸ்.ஏ.பி. கணக்கிலும் சேராது. அந்தத் தேதி தாண்டியபின் விலகினால் டபிள்யூ என்று பதிவாகும். டபிள்யூ ஜிபிஏ-யைத் தொடாது என்பதால் மாணவர்கள் அதைப் பாதுகாப்பான வழியாக நினைக்கிறார்கள். அறையில் கூட இருக்கும் தோழனும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பான். பேஸ் கணக்கில் டபிள்யூ-வும் எஃப்-உம் (ஃபெயில்) ஒன்றுதான். இரண்டுமே எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது.

இன்கம்ப்ளீட் என்று ஐ போட்டிருந்தால், கிரேடு வரும் வரை அதுவும் அப்படித்தான். கிரேடு மாறி வந்ததும் கணக்கு தானாகத் திருந்திவிடும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

டி கிரேடு பெரும்பாலும் முடித்ததாகச் சேரும், ஜிபிஏ-யைத்தான் இழுக்கும். பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்துப் பாஸ் ஆனால் பேஸுக்கு உதவும், ஜிபிஏ-க்கு உதவாது. ஒரே பாடத்தைத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு தடவையும் எடுத்த கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே பாஸான பாடத்தை நல்ல கிரேடுக்காகத் திரும்ப எடுக்க ஃபெடரல் பணம் ஒரு தடவைதான் உதவும். ஃபெயிலான பாடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வேறு கல்லூரியிலிருந்து மாற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரெடிட் இரண்டு பக்கமும் சேரும்: எடுத்ததிலும், முடித்ததிலும். அதனால் பேஸ் உயரும். ஆனால் அங்கே வாங்கிய கிரேடு இங்குள்ள ஜிபிஏ-யில் பொதுவாகச் சேராது. ஹை ஸ்கூலில் படிக்கும்போதே டுயல் கிரெடிட் என்று கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை எடுத்திருந்தால் அவற்றையும் மறக்காதீர்கள். பிறகு அதே கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் பதினாறு வயதில் வாங்கிய டபிள்யூ-வும் வந்து நிற்கும்.

இரண்டு விஷயங்கள் பலரையும் திகைக்க வைக்கும். ஒன்று, நிதியுதவி வாங்காமல் சொந்தப் பணம் கட்டிப் படித்த செமஸ்டரும் கணக்கில் உண்டு. மூன்று வருஷம் அப்பா பணம் கட்டினார், அவர் வேலை போனதும் ஃபாஃப்சா போட்டோம் என்றால், முந்தைய மூன்று வருஷக் கிரேடுகளையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, சில கல்லூரிகள் பழைய மோசமான கிரேடுகளை ஜிபிஏ-யிலிருந்து நீக்கிக்கொடுக்கும் சலுகை வைத்திருக்கின்றன. கல்லூரிக்குள் அது செல்லும், ஃபெடரல் எஸ்.ஏ.பி. கணக்கில் செல்லாது.

சரி, ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட். கால்குலஸ் 4 கிரெடிட், அதில் எஃப். வேதியியல் 4 கிரெடிட், பாதியில் டபிள்யூ. மீதி 7 கிரெடிட் பாஸ். பேஸ் 15-இல் 7, அதாவது 47 சதவீதம். அடுத்த செமஸ்டரில் 14 கிரெடிட் எடுத்து எல்லாவற்றையும் முடித்தால் 29-இல் 21, 72 சதவீதம். ஒரே செமஸ்டரில் சரியாகிவிட்டது. இதையே மூன்றாம் ஆண்டில் பாருங்கள். 75 எடுத்து 45 முடித்திருந்தால் 60 சதவீதம். 67-க்கு வர, ஒன்றுகூடத் தவறாமல் 16 கிரெடிட் முடிக்க வேண்டும். 15 முடித்தால் 90-இல் 60, அதாவது 66.67. மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதியிருக்கும் கல்லூரியில் தப்பிப்பீர்கள், 67 என்று எழுதியிருக்கும் கல்லூரியில் மாட்டிக்கொள்வீர்கள். விதியை எழுத்துக்கு எழுத்துப் படிக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஒரு வகுப்பைக் கைவிடும் முன்

பிள்ளை "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடியலப்பா, விட்டுடறேன்" என்று சொன்னால் முதலில் தேதியைப் பாருங்கள். ஆட்-டிராப் காலத்துக்குள்தானா? அப்படியென்றால் எஸ்.ஏ.பி. பாதிப்பு இல்லை. ஆனால் பெல் தொகை குறையலாம். 2024-25 முதல் பெல் கிராண்டை எடுக்கும் கிரெடிட்டின் விகிதப்படி கணக்கிடுகிறார்கள்: 12 கிரெடிட்டுக்கு முழுத் தொகை, 9 கிரெடிட்டுக்கு 75 சதவீதம். 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் டைரக்ட் லோனும் கிடைக்காது.

தேதி தாண்டிவிட்டதா? அப்படியானால் டபிள்யூ-வைச் சேர்த்துப் பேஸைக் கணக்கிடுங்கள். 67-க்கு மேல் தாராளமாக இருந்தால் ஒரு டபிள்யூ ஒன்றும் செய்யாது, நிம்மதியாக விடலாம். எஃப் வாங்கி ஜிபிஏ-யையும் கெடுத்துக்கொள்வதைவிட அது மேல். ஓரத்தில் நிற்கிறது என்றால், கஷ்டப்பட்டாவது சி வாங்க வழி இருக்கிறதா என்று பேராசிரியரின் ஆஃபீஸ் நேரத்தில் போய்ப் பேசுவது நல்லது. ட்யூட்டரிங் மையம் பெரும்பாலும் இலவசம்தான்.

எல்லா வகுப்பையும் ஒரேயடியாக விடுவது வேறு விஷயம். செமஸ்டரின் 60 சதவீத நாட்கள் முடியும் முன் முழுவதுமாக விலகினால், அனுபவிக்காத காலத்துக்கான ஃபெடரல் பணத்தைத் திருப்ப வேண்டும். 30 சதவீத நாட்களில் விலகினால் 70 சதவீத உதவி திரும்பப் போகும். கல்லூரி அதை அரசுக்குத் திருப்பிவிட்டு உங்கள் கணக்கில் பாக்கியாக எழுதும். 15 வார செமஸ்டரில் இந்த 60 சதவீதம் ஏறக்குறைய ஒன்பதாவது வார முடிவில் வரும், சரியான தேதியைக் கேட்டால் சொல்வார்கள். யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தி எல்லாவற்றிலும் எஃப் வாங்கினாலும் இதே விதி பாயும். வகுப்பில் இல்லாமலேயே வாங்கிய எஃப்-களா என்று கல்லூரி விசாரிக்கும். ஆகவே உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முறையாகச் சொல்லி விலகுவதே மேல். பின்னால் அப்பீலில் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

கணக்கில் தவறினால் என்ன நடக்கும்?

செமஸ்டர்தோறும் பார்க்கும் கல்லூரியாக இருந்தால் முதல் தடவை வார்னிங் கொடுக்கலாம். அதற்கு விண்ணப்பம் எதுவும் வேண்டாம், அடுத்த செமஸ்டர் உதவி வழக்கம்போல வரும். அந்த ஒரு செமஸ்டருக்குள் அளவுக்கு வந்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கும் கல்லூரியில் வார்னிங் என்ற படியே இல்லை. மே மாதம் கிரேடு வந்ததும் பார்த்து, தவறியிருந்தால் நேரே நிறுத்திவிடுவார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக வரும். டீன் அலுவலகமோ ரெஜிஸ்ட்ராரோ அனுப்பும் அகடமிக் ப்ரொபேஷன் கடிதம் வேறு, நிதியுதவி அலுவலகத்தின் எஸ்.ஏ.பி. கடிதம் வேறு. ஒன்றில் இருந்து தப்பினால் இன்னொன்றில் தப்பியதாக ஆகாது. இரண்டுக்கும் அப்பீல் தனித்தனி, படிவமும் தனித்தனி. "டீன்கிட்ட பேசிட்டேன், சரியாயிடுச்சு" என்று பிள்ளை சொன்னால், நிதியுதவி அலுவலகத்திலும் பேசினாயா என்று கேளுங்கள்.

நீங்களே கல்லூரிக்குப் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தால், பேச மாட்டார்கள். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் மாணவருக்கே சொந்தம். பணம் கட்டுவது அப்பாவாகவே இருந்தாலும் மாணவர் எழுதி அனுமதி கொடுத்தால்தான் பெரும்பாலும் விவரம் சொல்வார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளையோடு பேசி அந்தப் படிவத்தைப் போட்டுவைப்பது எல்லாருக்கும் நல்லது. அதை உளவு பார்க்கும் கருவியாக்கினால் பிள்ளை அடுத்த நாளே ரத்து செய்துவிடும், அதற்கும் உரிமை உண்டு.

அப்பீல் எழுதுவது

எல்லாக் கல்லூரியும் அப்பீலை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பெரும்பாலானவை ஏற்கின்றன. ஃபெடரல் விதி சொல்லும் காரணங்கள் மூன்று: உறவினர் மரணம், மாணவருக்கே நோய் அல்லது காயம், மற்றபடி தனிப்பட்ட விசேஷச் சூழ்நிலை. மூன்றாவது அகலமான கதவு. பெற்றோர் பிரிந்தது, வீட்டில் ஒருவர் வேலை இழந்து மாணவர் முழுநேர வேலைக்குப் போனது, வீட்டில் வன்முறை, மனச்சோர்வு எல்லாம் அதில் வரலாம். "பாடம் கஷ்டமாக இருந்தது", "ப்ரொஃபசர் சரியில்லை", "விதி தெரியாது" என்பவற்றைப் பொதுவாகக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். என்ன நடந்ததால் தவறியது? இப்போது என்ன மாறியிருக்கிறது, அடுத்த கணக்கெடுப்பில் எப்படி அளவுக்கு வருவீர்கள்? நம் ஆட்கள் முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு இரண்டாவதை "இனி நன்றாகப் படிப்பேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்பீலைப் படிக்கும் குழு தேடுவது இரண்டாவது பதிலைத்தான். என் கணிப்பில் கடிதத்தில் பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்கலாம்.

எழுத வேண்டியவர் மாணவர். அப்பா எழுதி மகன் கையெழுத்துப் போட்ட கடிதம் எப்படியும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் போதும். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், உள்ளே இருக்க வேண்டியது ஏறக்குறைய இந்த மாதிரி:

"அக்டோபர் முதல் வாரத்தில் மதுரையில் என் பாட்டி காலமானார். சிறு வயதில் என்னை வளர்த்தவர் அவர். எங்கள் மரபுப்படி பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை குடும்பத்தோடு இருந்தேன். திரும்பி வந்தபோது மூன்று வாரப் பாடம் போயிருந்தது. வேதியியலிலிருந்து விலகினேன், கால்குலஸில் தேறவில்லை. இறப்புச் சான்றிதழையும் விமானச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். அடுத்த செமஸ்டரில் 13 கிரெடிட் எடுக்கிறேன். கால்குலஸைத் திரும்ப எடுக்கிறேன், வாரம் இரண்டு நாள் ட்யூட்டரிங் மையத்தில் பதிவு செய்திருக்கிறேன். வேலை நேரத்தை வாரம் 20 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்துவிட்டேன். என் அட்வைசரோடு போட்ட திட்டம் இணைப்பில் இருக்கிறது."

பதினாறாம் நாள் என்ற அந்த ஒரு வரி அவசியம். பாட்டி இறந்ததற்கு ஏன் மூன்று வாரம் என்பது அமெரிக்க அலுவலருக்குத் தானாகப் புரியாது. சொன்னால் புரியும். தமிழ்நாட்டில் பதிவான இறப்புச் சான்றிதழை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். விமானச் சீட்டு, மருத்துவமனை பில், மருத்துவர் கடிதம், வேலை இழந்த கடிதம், காவல்துறை அறிக்கை என்று தேதி போட்ட எந்தக் காகிதமும் பலம்தான். தேதிகள் செமஸ்டரோடு பொருந்துகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

மனநலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வால் படிப்புத் தடுமாறிய பிள்ளைக்கு அதுதான் உண்மையான காரணம். அதை மறைத்து "காய்ச்சல்" என்று எழுதச் சொல்லும் வீடுகள் உண்டு. அப்படி எழுதினால் சான்று இருக்காது, அப்பீலும் நிற்காது. நோயின் பெயரோ விவரமோ தேவையில்லை. இன்ன தேதியிலிருந்து சிகிச்சையில் இருக்கிறார், படிப்பைத் தொடர முடியும் என்று கவுன்சிலர் தரும் சில வரிகள் போதும். நிதியுதவி அலுவலகத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கடிதங்களை ஒவ்வொரு செமஸ்டரும் படிக்கிறவர்கள், ஊரில் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

அப்பீல் ஏற்கப்பட்டால் ஒரு செமஸ்டருக்கு ப்ரொபேஷன். அந்த ஒரு செமஸ்டரில் அளவுக்கு வர முடியாத தூரத்தில் இருந்தால் அகடமிக் ப்ளான் போட்டுத்தருவார்கள்: இத்தனை கிரெடிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, எல்லாவற்றிலும் சி-க்குக் குறையக் கூடாது, டபிள்யூ கூடாது என்பது மாதிரி. திட்டப்படி நடக்கும் வரை மொத்தக் கணக்கு 67-க்குக் கீழே இருந்தாலும் பணம் வரும். ஒரு நிபந்தனையை மீறினாலும் நின்றுவிடும். வகுப்பை மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

முடிவு வரச் சில வாரங்கள் பிடிக்கலாம், கட்டணத் தேதி அதற்காகக் காத்திருக்காது. பில்லைக் கட்டாவிட்டால் வகுப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடும் கல்லூரிகள் உண்டு. அப்பீல் போட்ட அன்றே பர்சார் அலுவலகத்தில் (கட்டணம் வாங்கும் பிரிவு) தவணைத் திட்டம் கேளுங்கள்.

அப்பீல் தள்ளுபடியானால்

கல்லூரியின் முடிவே இறுதி. ஃபெடரல் கல்வித்துறைக்கு எழுதி மாற்ற முடியாது. ஒரு செமஸ்டர் சும்மா வீட்டில் இருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி எதுவும் நடக்காது, திரும்பி வரும்போது பழைய எண்கள் அப்படியே இருக்கும்.

சொந்தப் பணத்தில் படித்து அளவுக்கு வருவதுதான் வழி. பேஸ் மட்டும் குறை என்றால் கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக இரண்டு பாடம் முடித்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பாடம் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபிஏ குறை என்றால் அது பயன்படாது, அதே கல்லூரியில்தான் எடுக்க வேண்டியிருக்கும். எஸ்.ஏ.பி. பார்க்காத தனியார் கடன்களும் இருக்கின்றன. பெற்றோர் இணைக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், ஃபெடரல் கடனில் கிடைக்கும் சலுகைகளும் இருக்காது. அதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அளவுக்கு வந்ததும், மறுபடி பரிசீலிக்கச் சொல்லி நீங்களாக எழுதிக் கேளுங்கள்.

மாநில உதவிக்குத் தனி விதி

ஃபெடரல் எஸ்.ஏ.பி.-யில் தேறியவர் மாநில உதவியை இழக்கலாம். டெக்சாஸ் கிராண்ட் முதலாண்டுக்குப் பிறகு 2.5 ஜிபிஏ, 75 சதவீத முடிப்பு, ஆண்டுக்கு 24 கிரெடிட் என்று கேட்கிறது. ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு 3.0 வேண்டும், 30, 60, 90 கிரெடிட்டைத் தொடும்போது பார்ப்பார்கள். உங்கள் மாநிலத்தின் விதியையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு

ஃபெடரல் எஸ்.ஏ.பி. உங்களைத் தொடாது. ஆனால் கல்லூரி கொடுத்த ஸ்காலர்ஷிப்பிலும் அசிஸ்டன்ட்ஷிப்பிலும் ஜிபிஏ நிபந்தனை இருக்கும், சேர்க்கைக் கடிதத்தோடு வந்த தாளில் பாருங்கள். உங்களுக்கு வகுப்பைக் கைவிடுவதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து விசா. இளநிலை மாணவர் பொதுவாக செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். உடம்பு சரியில்லாமல் போய்க் குறைக்க வேண்டி வந்தாலும் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்கள் டி.எஸ்.ஓ.-விடம் (எஃப்-1 மாணவர்களைக் கவனிக்கும் அலுவலர்) அனுமதி வாங்கி, அது செவிஸில் (அரசின் மாணவர் விசாப் பதிவேடு) பதிவான பிறகே வகுப்பிலிருந்து விலகுங்கள். எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு இந்த 12 கிரெடிட் கட்டாயம் இல்லை. படிப்புக்கு நடுவில் குடும்பத்துக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கே ஃபாஃப்சா போடலாம். அப்போது அதுவரை படித்த எல்லா செமஸ்டரும் எஸ்.ஏ.பி. கணக்கில் வந்து சேரும்.